கடைசிப் பெட்டி வந்துவிட்டதா?

"அறுபத்தாறு வயதில் பனியில் சறுக்கப் போனீர்களாமே?" என்று சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் ஒரு நண்பர் கேட்டார். போனது உண்மை. சறுக்கியது நானல்ல. விடுதி வாசற்படியில் ஒரே ஒரு முறை சறுக்கினேன். அதற்குப் பலகை எதுவும் தேவைப்படவில்லை. நண்பரின் பிள்ளைகளும் வரும் குளிர்காலத்தில் இப்படி ஒரு பயணம் போக இருக்கிறார்களாம். "திட்டம் போட்டவர் நீங்கள்தானே, எழுதிக் கொடுங்கள்" என்றார். அதன் பொருட்டே இக்கட்டுரை.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். காசிகுண்ட்–பாரமுல்லா பாதை 2009ல் முழுமையான பிறகு இரண்டு குளிர்காலம் பட்காமில் வேலை. ஆகவே பனி எனக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே பனி என்றால் அள்ளிக் கொட்ட வேண்டிய பொருள். பணம் கொடுத்து அதன்மேல் விழுந்து எழுவார்கள் என்பதை என் மாப்பிள்ளையிடம்தான் தெரிந்துகொண்டேன்.

மகளும் மாப்பிள்ளையும் டோக்கியோவில், நம்மவர் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை ஸ்னோபோர்டில் கெட்டிக்காரர். மகள் சுமாருக்கு மேல். பெங்களூரிலிருக்கும் என் மகன் குல்மர்கில் ஒரு வாரம் பழகியவன். பேரனுக்குப் பதினாலு வயது. தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற தைரியத்தில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பேத்திக்குப் பத்து வயது. மருமகள் அதுவரை பனியையே பார்த்ததில்லை. நானும் என் மனைவியும் வேடிக்கை பார்ப்பவர்கள். மொத்தம் எட்டுப் பேர், ஆறு விதமான வேகம். 2024 பொங்கல் வாரத்தில் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் உள்ள நிசேகோவுக்குப் போவது என்று முடிவாயிற்று.

ஸ்னோபோர்டு என்பது ஸ்கீ அல்ல. ஸ்கீயில் காலுக்கொரு கட்டை, கையில் ஊன்றுகோல். இதில் இரண்டு காலையும் ஒரே பலகையில் பக்கவாட்டாகப் பூட்டிக்கொண்டு, குதிகால் ஓரத்திலும் முன்பாத ஓரத்திலும் மாறி மாறிச் சாய்ந்து இறங்க வேண்டும். 1965ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் தம் பெண்குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்ததுதான் இதன் தொடக்கம். 1998ல் அதே ஜப்பானின் நாகானோவில் ஒலிம்பிக் போட்டியாகவே ஆகிவிட்டது. புதிதாகப் பழகுகிறவர் முதல் இரண்டு நாள் விழுந்துகொண்டேதான் இருப்பார். விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு; அதனால் மணிக்கட்டுதான் முதலில் அடிபடும். மணிக்கட்டுக் காப்பு என்று ஒன்று விற்கிறது. ஹெல்மெட்டோடு அதையும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நாங்கள் வாங்கவில்லை.

நிசேகோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து இந்த மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. ஒரு பருவத்தில் பத்து மீட்டருக்கு மேல், மாவு போன்ற உலர்ந்த பனி. விழுந்தால் அவ்வளவாக வலிப்பதில்லை. அதைவிட முக்கியம், 1,308 மீட்டர் உயரமுள்ள ஒரே மலையில் ஹிராஃபு, ஹனாசோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுப்புரி என்று நான்கு சறுக்கு மையங்கள். நான்குக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கலாம். மையங்களுக்கிடையே பஸ்ஸும் உண்டு. அதாவது, ஒரே ஊரில் தங்கி, கெட்டிக்காரர் ஒரு பக்கமும் கற்றுக்குட்டி ஒரு பக்கமும் போய்விட்டு மாலையில் ஒரே மேசையில் சாப்பிடலாம். பல தரத்தினர் சேர்ந்து போகும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மலை எவ்வளவு உயரம், எவ்வளவு பேர் பெற்றது என்பதெல்லாம் பிறகு. (அன்னுப்புரி என்றதும் தருமபுரிக்குப் பக்கமோ என்று என் மனைவி கேட்டாள். 'நுபுரி' என்றால் அத்தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியில் மலை.)

சரிவுகளுக்கு வண்ணக்குறி உண்டு. ஜப்பானில் பச்சை கற்றுக்குட்டிக்கு, சிவப்பு நடுத்தரத்துக்கு, கறுப்பு கைதேர்ந்தவருக்கு. ஐரோப்பாவில் நடுவில் நீலம் என்று ஒன்று வருவதால் அங்கே சிவப்பு என்பது கொஞ்சம் கடினமான வகை. அமெரிக்காவிலோ சிவப்பே கிடையாது. ஒரு நாட்டில் பழகியவர் இன்னொரு நாட்டின் நிறத்தை அப்படியே நம்பக்கூடாது.

ஜனவரி நடுவில் போனதும் யோசித்துத்தான். புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும். சீனப் புத்தாண்டுக் கூட்டம் வந்திருக்காது. ஆங்கிலத்தில் கற்றுத்தரும் ஆசிரியர்கள் அங்கே நிறைய உண்டு என்றாலும் நெரிசல் வாரங்களில் கிடைக்க மாட்டார்கள். மூன்று மாதம் முன்பே பதிவு செய்தோம். வாடகைக் காலணிக்கு அளவு கேட்பார்கள். ஜப்பானில் பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். வீட்டிலேயே சுவரோரம் நின்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

டோக்கியோவிலிருந்து விமானத்தில் நியூ சிட்டோசே. அங்கிருந்து எல்லோரும் பஸ்ஸில் போகலாம் என்றார்கள். நான் ஒருவன் ரயில்தான் என்று பிடிவாதம் பிடித்தேன். பலகைகளை முன்கூட்டியே பார்சல் சேவையில் விடுதிக்கு அனுப்பிவிட்டார் மாப்பிள்ளை. ஜப்பானில் இது மிகச் சாதாரணம். ஒட்டாருவில் வண்டி மாறி குச்சான். மின்மயமாகாத ஒற்றைப் பாதை, சின்ன டீசல் வண்டி, ஜன்னலுக்கு வெளியே ஆள் உயரப் பனிச்சுவர். புல்லட் ரயில் சப்போரோ வரை நீளும்போது இந்தப் பாதையை மூடப்போகிறார்கள். அந்த வேலை தாமதமாகிக்கொண்டிருப்பதால் இன்னும் ஓடுகிறது. போகிறவர்கள் பார்த்துவிடுங்கள். என் வீட்டாரிடம் இதைக் கேட்காதீர்கள். அவர்களுக்கு அந்த ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

முதல் இரண்டு நாட்கள் நன்றாகவே போயின. பேத்தி சிறுவர் வகுப்பில் நகரும் கம்பளத்தில் ஏறி ஏறி, இரண்டாம் நாளே திரும்பக் கற்றுக்கொண்டாள். மருமகள் குதிகால் ஓரத்தில் மட்டும் மெல்ல வழுக்கி இறங்கப் பழகியிருந்தாள். திரும்ப வரவில்லை. இரண்டாம் நாள் பொங்கல். விடுதிச் சமையலறையில் பால் பொங்கியபோது வெளியே மைனஸ் பத்து டிகிரி.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில் வானம் திறந்து, எதிரே 1,898 மீட்டர் யோதெய் மலை பளிச்சென்று தெரிந்தது. அச்சாக ஃபூஜி மலைபோல் இருக்கும். "எல்லோரும் மேலே போய் ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே இறங்கி வாருங்கள்" என்றேன். என் கால அட்டவணையில் அன்று 'காலை 10 மணி – அனைவரும் உச்சிக்கு' என்று முன்பே எழுதியிருந்தது. பேத்தி வகுப்புக்குப் போனாள். மற்ற ஐவரும் கோண்டோலாவில் ஏறி, அதற்கும் மேலே நாற்காலி லிஃப்ட்டிலும் போனார்கள். நானும் மனைவியும் கீழே கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம்.

பதினொன்றரைக்கு மலை மறைந்தது. மேகம் இறங்கி, எது பனி எது வானம் என்று தெரியாத வெள்ளை. பேரன் முதலில் வந்தான். பின்னால் மகன். கால் மணி கழித்து மகளும் மாப்பிள்ளையும்.

"மருமகள் எங்கே?"

மகன் தன் அக்கா முகத்தைப் பார்த்தான். "உன்னோடதானே இருந்தா?" நாத்தனாரோடு வருவாள் என்று அவன் நினைத்திருக்கிறான். புருஷனோடு போய்விட்டாள் என்று இவள் நினைத்திருக்கிறாள். பேரனைத் துரத்திக்கொண்டு இவன் இறங்க, மேகம் வருவதற்குள் இன்னொரு சரிவைப் பார்த்துவிடலாமென்று அவர்கள் பிரிய, அவள் நடுவில் நின்றுவிட்டாள்.

ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் 'எல்.வி.' என்று எழுதிய சிறு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வாகனம் என்று பொருள். வண்டி நிலையத்தைக் கடக்கும்போது அதைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி முழுமையாக வந்தது என்று கணக்கு. பார்க்காவிட்டால் நடுவழியில் ஏதோ பெட்டி கழன்று நிற்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதையில் அடுத்த வண்டியை விடக்கூடாது. நாற்பது ஆண்டுகள் இதன் நடுவே வாழ்ந்தவன், என் வீட்டு வண்டிக்கு அந்தப் பலகையை மாட்ட மறந்துவிட்டேன்.

கைப்பேசியில் கூப்பிட்டால் மணி அடிக்கவில்லை. குளிரில் பேட்டரி செத்துப்போயிருந்தது. (கைப்பேசியை வெளிப்பையில் வைக்காமல் உடம்பை ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். இதுவும் பின்னால் தெரிந்ததுதான்.) பனிக்காவலர்களிடம் சொன்னோம். மாப்பிள்ளை இரண்டு முறை மேலே போய்த் தேடி இறங்கினார். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஒன்று பத்துக்கு கோண்டோலாவிலிருந்து, பலகையைக் கையில் பிடித்தபடி மருமகள் இறங்கி வந்தாள். ஒரு முறை விழுந்து இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பலகையைக் கழற்றி, சரிவின் ஓரமாக முழங்கால் அளவு பனியில் நடந்தே கோண்டோலாவின் மேல்நிலையத்தை அடைந்திருக்கிறாள். அங்கிருந்த ஊழியர் உட்காரவைத்து, அதிலேயே கீழே அனுப்பிவிட்டார். கோண்டோலாவில் இறங்கியும் வரலாம் என்று எங்களில் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான்.

அன்றிரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பயமெல்லாம் பெருசா இல்லை மாமா. எனக்காக யாருமே நிக்கலையேன்னுதான் இருந்தது" என்றாள். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். நானும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். இந்த முறை முதலில் பேசியவள் மருமகள். ஒற்றைப் பாதையில் எக்ஸ்பிரஸும் பாசஞ்சரும் ஓட வேண்டுமானால் பாசஞ்சரின் வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதற்காக எக்ஸ்பிரஸை நாள் முழுக்கப் பின்னால் நிறுத்தினாலும் பாழ். வண்டியை லூப் லைனில் ஒதுக்கி முந்தவிட வேண்டும். ஆகவே காலையில் அவரவர் தரத்துக்குத் தனித்தனி. பன்னிரண்டு மணிக்கு ஒரே கேன்டீன். அரை மணி தாமதமானால் தேடத் தொடங்குவது. பிற்பகலில் அன்னுப்புரியின் அகலமான பச்சைச் சரிவில் ஒரே ஒரு முறை எல்லோரும் சேர்ந்து. அதில் மெதுவானவர் முன்னால், தேர்ந்தவர் கடைசியில். மாப்பிள்ளையைக் கார்டாகப் போட்டேன். ரயில்வேயில் 2022 முதல் கார்டுக்கு 'ட்ரெயின் மேனேஜர்' என்று பெயர். அதைச் சொன்னதும், "பதவி உயர்வா மாமா?" என்றார்.

அவருக்கும் நியாயம் செய்ய வேண்டுமே. இரண்டு காலைகளை அவருக்கே விட்டோம். நிசேகோவில் சறுக்குப்பாதைக்கு வெளியே உள்ள மலைக்குப் போக வாயில்கள் உண்டு. நிலைமை பார்த்துக் காவலர்கள் திறந்தால்தான் போகலாம். கயிற்றைத் தாண்டினால் சீட்டைப் பறித்துவிடுவார்கள். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி, கூடவே ஒரு வழிகாட்டி. இவை இல்லாமல் போகக்கூடாது. மரத்தைச் சுற்றிப் பனி பொலபொலவென்று குழியாக இருக்கும்; தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. பேரன் தானும் வருவேன் என்றான். மாப்பிள்ளையே, "இன்னும் மூணு வருஷம் பழகு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று முடித்துவிட்டார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனி விளையாட்டு சேராது. சேர்ந்தாலும் வாயிலுக்கு வெளியே நடந்தது சேராது. பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சைவர்களுக்கு ஒன்று: ஜப்பானில் காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறுதான் அடிப்படை. சமையலறையுள்ள விடுதியாக எடுத்து, ரசப்பொடியும் அப்பளமும் கொண்டுபோனோம்.

மணிக்கட்டில் கட்டோடு இருந்த மருமகளுக்குப் பனியில் இறங்க அனுமதி இல்லை. கடைசி நாள் பிற்பகல் என்னோடு கீழே நின்றாள். பேத்தி முன்னால், பேரன், மகன், மகள் என்று வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், முதுகுப்பையில் என் மனைவியின் சிவப்பு மஃப்ளரைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை.

"மாமா, எல்.வி. வந்தாச்சு" என்றாள் மருமகள்.

வரும் ஜனவரியில் மறுபடி போகிறார்கள். மணிக்கட்டுக் காப்பு ஐந்து ஜோடி பெங்களூரிலேயே வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை அட்டவணை போடுவது அவள்.