மீன்குஞ்சுகள் மடிவதேன்?

"நேற்று 30 குஞ்சுகள் நீந்தின, இன்று ஐந்தே எஞ்சின, ஐயா!" எனக் கண் கலங்கினான் என் மாணவன் ஒருவன். அவன் வளர்ப்பது கப்பி மீன். அது முட்டையிடுவதில்லை, ஏறக்குறைய 4 வாரத்துக்கொருமுறை உயிருள்ள குஞ்சுகளையே ஈனுகின்றது. ஈன்ற தாயே அவற்றை இரையெனக் கருதி விழுங்கிவிடும். ஆகவே, குஞ்சுகளை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். அன்றேல், அவை ஒளிந்துகொள்ள அடர்ந்த நீர்ச்செடிகளை இடுதல் வேண்டும்.

எஞ்சிய ஐந்தும் மறுவாரம் மடிந்தன. காரணம் யாது? அன்பின் மிகுதியால் அவன் அள்ளியிட்ட முட்டை மஞ்சட்கருவே! உண்ணாது விட்ட உணவு அழுகும்போது அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. அவித்த மஞ்சட்கருவை ஊசிமுனையளவாக, நாளுக்கு மூன்று நான்கு முறை இடுதலே போதும். மிஞ்சியதைச் சிறு குழாயினால் உறிஞ்சி அகற்றுக. வாரந்தோறும் நீரிற் காற்பங்கை மாற்றுக. குழாய்நீராயின், குளோரீன் நீங்குமாறு ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்த பின்னரே ஊற்றுக. வடிகட்டியின் வாயைக் கடற்பஞ்சுத் துண்டினால் மூடுக. இன்றேல் குஞ்சுகள் உள்ளிழுக்கப்படும்.

அடுத்த ஈற்றில் அம்மாணவன் 22 குஞ்சுகளை வளர்த்தெடுத்தான். அளவறிந்து ஊட்டுதலும் அன்பேயன்றோ?