அரிவாள் கேட்டு வருபவர் யார்? ஆளைப் பார்த்து அடிக்கும் தஞ்சைக் கொல்லர்கள்!

தஞ்சாவூர்,

"கருக்கரிவாளா? வெட்டரிவாளா?"

தஞ்சை வட்டாரத்தில் கொல்லன் பட்டறை முன் யார் போய் நின்றாலும் முதல் கேள்வி இதுதான். கருக்கரிவாள் என்பது நெல் அறுக்க, பல் வைத்தது. வெட்டரிவாள் விறகுக்கும் மட்டைக்கும், கனமானது.

அடுத்த கேள்வி, "எதுக்குங்க?"

முன்பெல்லாம் அரிவாளின் எடையை முடிவு செய்ய இதைக் கேட்டார்கள். இப்போது பயந்து கொண்டும் கேட்க வேண்டியிருக்கிறது!

கைக்கு ஏற்ற அரிவாள்

கடையில் தொங்கும் அரிவாள் எல்லாம் ஒரே அச்சு. பட்டறை அரிவாள் அப்படி அல்ல. அறுக்கப் போகிறவர் கையைப் பார்த்து வளைவும் பிடியும் வைப்பார்கள். பெண்களுக்கு எடை குறைவு. இடது கைக்காரர் என்றால் கருக்கை மறுபக்கம் வெட்ட வேண்டும்.

வெட்டரிவாளுக்கு லாரிப் பட்டைதான் ராஜா. ஓடித் தேய்ந்த பட்டையைக் கரி உலையில் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். ஒருவர் குறட்டால் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டி போடுகிறார். கடைசியாக வாய்ப்பகுதியைத் தண்ணீரில் காட்டுகிறார்கள். பதம் கூடினால் வாய் தெறிக்கும். குறைந்தால் மடங்கும். இதற்கு மீட்டர் கிடையாது. கண்தான் மீட்டர்!

அரண்மனை ஆயுதம் எங்கே?

இதே தஞ்சை ஒரு காலத்தில் வாளுக்கும் கட்டாரிக்கும் பேர் போனது. 1855-ல் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இன்றி இறந்தார். அரண்மனை ஆயுதங்கள் வெள்ளையர் கைக்குப் போயின. நல்லவற்றை எடுத்துக் கொண்டு, மீதியை உடைத்துப் பழைய இரும்பாக்கி விட்டார்கள். தப்பியவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ராஜாவின் கட்டாரி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. குடியானவர் அரிவாள்தான் இன்னும் பட்டறையில் உயிரோடு இருக்கிறது.

மிஷின் வந்தது

அதற்கும் இப்போது ஆபத்து. அறுவடைக்கு முன்னால் ஊரே அரிவாளைத் தூக்கிக் கொண்டு கருக்கு வெட்டப் பட்டறைக்கு வந்த காலம் உண்டு. கூலி காசாக அல்ல, களத்து மேட்டில் நெல்லாக!

இன்று குறுவையோ சம்பாவோ, பெரும்பாலும் அறுவடை மிஷின்தான் வயலில் இறங்குகிறது. மழையில் சாய்ந்த கதிர், மிஷின் போக முடியாத மூலை, மாட்டுக்குப் புல் - இவ்வளவுதான் கருக்கரிவாளுக்கு மிச்சம். பட்டறையில் உலை எரிந்தால்தானே வீட்டில் உலை கொதிக்கும்?

நோட்டு எங்கே?

2021 செப்டம்பரில் ரவுடிகள் வேட்டை நடந்தபோது, அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு ஓர் உத்தரவு போட்டார். அரிவாள், கத்தி வாங்குபவரின் பெயர், முகவரியைப் பட்டறைக்காரர் குறித்து வைக்க வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு விற்கக் கூடாது என்பது உத்தரவு. தஞ்சை முதல் அரிவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்தி வரை எல்லாப் பட்டறைக்கும் இது பொருந்தும்.

9 அங்குல நீளத்துக்கோ, 2 அங்குல அகலத்துக்கோ மேற்பட்ட கத்திகள் ஆயுத விதிப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அரிவாள் ஒன்றுதான். தென்னந்தோப்புக்குப் போனால் கருவி, தெருச் சண்டைக்குப் போனால் ஆயுதம்!

தெரிந்த குடியானவர் வருவது குறைந்து விட்டது. பொழுது சாய்ந்த பிறகு முகம் தெரியாத ஒருவர் வந்து, "நல்லா நீட்டமா ஒண்ணு வேணும், காசு எவ்வளவானாலும் சரி" என்றால்? கொடுத்தால் நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன். கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு.

நெருப்புக்கும் சம்மட்டிக்கும் அஞ்சாதவர்களுக்கு இப்போது அஞ்ச வேண்டியது ஒரே ஒரு பதிலுக்குத்தான்:

"எதுக்குங்க?"