ஒளி சிமிட்டினால் இதயம் துடிக்கும்!

மாணவச் செல்வங்களே, மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தை இரவில் பார்த்திருக்கிறீர்களா? விட்டுவிட்டு ஒளி வீசி, மீனவர்களுக்குக் கரையைக் காட்டும். அதுபோல ஒளியைச் சிமிட்டி, தடுமாறும் இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்க முடியுமா?

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சில நாட்கள் துடிப்பு தடுமாறும். அப்போது, வெளியே உள்ள பேஸ்மேக்கர் கருவியிலிருந்து இதயத்துக்கு மெல்லிய கம்பி இணைத்து, சிறிதளவு மின்சாரம் கொடுப்பார்கள். குணமானதும் கம்பியை உருவிவிடுவார்கள். அபூர்வமாக அதில் ஆபத்தும் உண்டு. நிலவில் முதலில் கால் பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு 2012-ல் அப்படிக் கம்பியை எடுத்தபோது உள்ளே ரத்தம் கசிந்தது. பிறகு அவர் பிழைக்கவில்லை.

2025-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், அரிசிமணியை விடச் சிறிய பேஸ்மேக்கரை அறிவித்தனர். நீளம் 3.5 மில்லிமீட்டர்தான். கம்பியே கிடையாது! மார்பில் ஒட்டிய பட்டை, துடிப்பு தடுமாறினால் கண்டுபிடித்து, அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டும். அது தோலை ஊடுருவிச் சென்று கருவியை இயக்கும். வேலை முடிந்ததும் கருவி உடலுக்குள்ளேயே கரைந்துவிடும்.

விலங்குகளிடம் இது வெற்றி பெற்றது. மனிதர்களுக்குப் பொருத்த மேலும் சோதனைகள் தேவை. இதயக் குறையோடு பிறக்கும் பச்சிளங் குழந்தைகளுக்காகத்தான் இத்தனை சிறிதாகச் செய்தார்கள். நாளை செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்படியொரு குழந்தையைக் காப்பாற்றப்போவது உங்களில் யார்?