மூணாற்றில் ஒரு நாள்

சூரியநெல்லிக்கு வரும் அன்பர்கள் மூணாற்றுக்கென ஒரு நாளை ஒதுக்க வேண்டும். முதலில், நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம். சூரியநெல்லிக்கு அருகே பெரியகானலில் கிடைத்த பழங்காலத் தாழி அங்குதான் இருக்கிறது. நாசரேத் கைத்தொழிற்பள்ளியில் 1913-இல் செய்த கருங்கல் சூரியக் கடிகாரமும், 1924 பெருவெள்ளத்தில் அழிந்த மலை ரயிலின் சக்கரமும் உண்டு.

பிறகு கடைவீதிக்கு வாருங்கள். கேரள மண்ணில் திரும்பிய பக்கமெல்லாம் தமிழ் கேட்கும். வியப்பு வேண்டாம். கொழுந்து கிள்ளத் தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் இவ்வூர்ச் சாலையில் அமர்ந்து போராடி, போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள். அந்தக் கதையை அவர்கள் வாயால் கேட்பதே சிறப்பு. தமிழில் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புங்கள்.