ஏறத் தெரிந்த வண்டி

அரூரிலிருந்து சித்தேரிக்குப் பேருந்து போகிறது. பேருந்து போகாத இடத்துக்கு ஜீப் போகிறது. சித்தேரி ஊராட்சி என்பது மலைமடிப்புகளில் சிதறிக் கிடக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்க்காரர்கள் சாலை கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தவர்கள். உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கியவர்கள்.

அந்த மலையில் ஒரு பழைய மகிந்திரா ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். உருட்டுக்கல் ஏற்றம் ஒன்றின் அடியில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். “இருங்கண்ணே, ஃபோர்வீல் போட்டுக்கறேன்.” கியர் குச்சிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு குட்டைக் குச்சிகளையும் மாற்றிப் போட்டார். வண்டி பதறாமல், ஒவ்வொரு கல்லாக மிதித்து ஏறியது. எனக்கு ஜீப் பைத்தியம் பிடித்தது அன்றுதான்.

வேகத்துக்காகக் கொண்டாடப்படும் கார்கள் ஏராளம். மெதுவாகப் போகத் தெரிந்ததற்காகக் கொண்டாட வேண்டிய வண்டி இது. அந்தக் குட்டைக் குச்சிகளில் ஒன்று முன்சக்கரங்களையும் எஞ்சினோடு இணைக்கிறது. இன்னொன்று, வழக்கமான கியர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது பெட்டியில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிறது. மகிந்திராவின் மூதாதையான 1941 வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். முதல் கியரில் 2.67 மடங்கு, இரண்டாவது பெட்டியில் 1.97 மடங்கு, பட்டறைக்காரர்கள் ‘கிரவுன்’ என்று சொல்லும் அச்சுப் பல்சக்கரத்தில் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால், எஞ்சின் ஏறக்குறைய 26 முறை சுற்றும்போது சக்கரம் ஒரே முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினாலும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம்தான். கூடவே நடப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

இழந்த வேகம் பலமாகத் திரும்பி வருகிறது. பல்சக்கர உராய்வில் வீணாவதைக் கழிக்காமல் பார்த்தால், அந்த 60 குதிரைத்திறன் எஞ்சின் டயர் வழியாகத் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 1000 கிலோ எடைக்குச் சமம். வண்டியின் எடையே 1100 கிலோதான்! ஆகவே மலையேற்றத்தில் முதலில் தீர்ந்துபோவது பலமல்ல, பிடிமானம். டயர் தன்மேல் அழுத்தும் எடைக்கு ஏற்பத்தான் தரையைப் பற்றும். பின்சக்கரங்கள் மட்டும் தள்ளினால் முன்சக்கரங்கள் மேல் இருக்கும் எடை பயன்படாமல் கிடக்கும். நான்கும் தள்ளும்போது மொத்த எடையும் பிடிமானமாகிறது.

இந்த வண்டி பிறந்த கதையே தனி. 1940இல் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களிடம் இப்படியொரு வண்டி கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சிறிய நிறுவனத்துக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் இரண்டே நாளில் வரைபடம் போட்டார். செப்டம்பர் 23ஆம் தேதி, கெடுவுக்குள், வண்டி ராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனால் போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தவை வில்லிஸும் ஃபோர்டும்தான். பான்டத்துக்குக் கிடைத்தது மிகச் சிறு பங்கு. எனக்கு அது இன்னும் வருத்தம். ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. பழைய ஜீப்பைச் சேகரிப்பவர்கள் கையில் விளக்கோடு அடியில் படுத்து அந்த எழுத்தைத் தேடுவார்கள்.

இந்தியாவில் 1947இல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. நம் ஊரில் அதிகம் கண்டது உயர்ந்த பானட் வைத்த சிஜே3பி. அந்த உயரம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. புதிய எஞ்சின் முந்தையதைவிட உயரமாக இருந்தது; அதை மூட பானட்டை உயர்த்தினார்கள், அவ்வளவுதான். தேவை எதுவோ அதுவே உருவமாகிப்போன இந்த நேர்மைதான் ஜீப்பின் அழகு என்பேன்.

ஆனாலும் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. கிரவுனுக்குள் இருக்கும் பல்சக்கர அமைப்பு, வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுகிறது. அதே ஏற்பாட்டால், அந்தரத்தில் தொங்கும் சக்கரம் வீணாகச் சுற்றும். அதன் ஜோடி சும்மா நிற்கும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் தொங்கிவிட்டால் நாலு சக்கர இழுவையும் கைகொடுக்காது.

பாதி ஏற்றத்தில் எங்கள் டிரைவர் மறுபடியும் நிறுத்தினார். இறங்கி முன்னால் நடந்து பார்த்தார். ஒரு கல்லைக் காலால் தள்ளினார், இன்னொன்றைத் தூக்கிவந்து குழியில் போட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, இடதுபக்கச் சக்கரத்தைச் சரியாக அந்தக் கல்லின்மேல் ஏற்றினார்.