சொல் தேடும் நிரலும் வழங்கியின் மறுமொழியும்

முன்னுரை

கொச்சியின் மட்டாஞ்சேரி, மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலான பல மொழிகள் அருகருகே வழங்கும் பகுதியாகும். இத்தகைய ஊர்களின் பெயர்கள் தமிழ் உரைகளில் பயின்று வரும் முறையை ஆராய்வோர் இன்று இணையத் தரவுகளையும் நாடுகின்றனர். எண்ணற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தல் அரிதாகலின், அப்பணி நிரலிடம் ஒப்படைக்கப்படுகிறது. நிரல் வழங்கிக்கு வேண்டுகோள் அனுப்பி மறுமொழி பெறுகிறது. அம்மறுமொழியைச் சரிபாராது கணக்கில் சேர்த்தால், உள்ள சொல்லும் இல்லாததாகிவிடும். ஆய்வு முடிவும் பிறழும்.

வேண்டுகோளின் வடிவம்

இணைய முகவரி தன் அடிப்படை வடிவில் ஆஸ்கி குறிகளையே ஏற்கும். ஆதலின் தமிழ்ச்சொல் யு.டி.எஃப்-8 முறையில் பைட்டுகளாக மாற்றப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதப்படுகிறது. 'மட்டாஞ்சேரி' என்பது தமிழ் மரபில் 6 எழுத்துச் சொல். ஒருங்குறியிலோ மெய்யின் புள்ளியும், அகரம் ஒழிந்த உயிர்மெய்களின் உயிர்க்குறியும் தனிக் குறியெண் பெறுவதால் அது 11 குறியெண்களாகிறது. ஒவ்வொன்றும் 3 பைட்டு என 33 பைட்டுகள். முகவரியில் 99 குறிகள்.

'கொச்சி' என்னும் சொல்லில் வேறொரு சிக்கல் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். முன்னது 18 பைட்டு, பின்னது 21 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரம் இவற்றை நிகரானவை எனக் கொள்கிறது. எனினும் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு இவை வெவ்வேறு சொற்களே. எனவே தேடும் சொல்லையும் பெற்ற உரையையும் முதலில் ஒரே வடிவிற்கு இயல்பாக்குதல் வேண்டும்.

மறுமொழியின் நிலை

மீயுரைப் பரிமாற்ற நெறிமுறையின் 1991ஆம் ஆண்டு வடிவில் வழங்கி உரையை மட்டுமே அனுப்பியது. வந்தது பக்கமா, பிழைச்செய்தியா என்பதை அறிய நிரலுக்கு வழியில்லை. 1996இல் வெளியான 1.0 பதிப்பு மூன்றிலக்க நிலைக்குறியை வரையறுத்தது. 200 என்பது வேண்டுகோள் நிறைவேறியதையும், 301 என்பது பக்கம் நிலையாக இடம்பெயர்ந்ததையும், 404 என்பது பக்கம் கிடைக்கவில்லை என்பதையும், 503 என்பது வழங்கி தற்காலிகமாகச் செயற்படாமையையும் குறிக்கும். 2012இல் சேர்க்கப்பட்ட 429, வேண்டுகோள்கள் அளவு மிஞ்சியதை உணர்த்தும். இக்குறி வரின் நிரல் சற்றுக் காத்திருந்து மீள முயல வேண்டும். மறுமொழியின் தலைப்பில் காத்திருப்பு நேரம் குறிக்கப்பட்டிருப்பின் அதனைப் பின்பற்றுதல் முறை.

200 வந்தமையும் போதிய சான்றன்று. சில தளங்கள் 'பக்கம் இல்லை' என்னும் அறிவிப்பையே 200 குறியுடன் அனுப்புகின்றன. திஸ்கி போன்ற பழைய குறியாக்கத்தில் அமைந்த பக்கத்தை ஒருங்குறி எனக் கொண்டு படித்தால் எழுத்துகள் சிதையும், சொல் அகப்படாது. ஆதலின் நிலைக்குறி, குறியாக்கம், உள்ளடக்கம் ஆகிய மூன்றையும் இவ்வரிசையில் ஆராய்தல் தகும்.

முடிவுரை

'சொல் உண்டு', 'சொல் இல்லை', 'பக்கம் பெறப்படவில்லை' என முடிவுகள் மூவகைப்படும். மூன்றாவதை இரண்டாவதாக எண்ணுவதே பெரும்பிழைக்குக் காரணம். தேடிய நாளையும், பெறப்படாத பக்கங்களின் தொகையையும் சொல்லெண்ணிக்கையுடன் சேர்த்து வெளியிட்டால், பிறர் அவ்வாய்வை மீண்டும் செய்து சரிபார்க்க இயலும்.