கையை நீட்டாதீர்கள், மீன் தானே வரும்

ஆப்பிரிக்காவுக்குத் தன்னார்வலராகப் போய் ஒரு குடும்பத்தோடு தங்குகிறவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்வார்கள் என்று கேட்கிறீர்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசினால்தான் உருப்படியாக இருக்கும். மேற்குக் கரையோரத்துச் செனகலை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் பீஸ் கோர் என்ற தன்னார்வலர் அமைப்பை அதிபர் கென்னடி 1961இல் தொடங்கினார். முதல் குழு அந்த ஆகஸ்டிலேயே கானாவில் இறங்கியது. செனகலுக்கு 1963 முதல் போகிறார்கள். பணி இரண்டு ஆண்டு. அதற்கு முன் ஏறக்குறைய மூன்று மாதப் பயிற்சி. அதில் ஒரு பகுதி வகுப்பறையில், மீதி ஊர்க்காரர் ஒருவர் வீட்டில். என்னைக் கேட்டால் வீட்டில் நடக்கும் பகுதிதான் கனமானது. விவசாயமோ சுகாதாரமோ, வேலையைப் பற்றி ஓரளவு படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இன்னொருவர் வீட்டில் கடைக்குட்டியாக இருக்கத் தெரிந்துகொண்டு யாரும் வருவதில்லை.

போனவுடனே பெயர் மாறும். வீட்டில் யாராவது ஒருவருடைய பெயரை வைப்பார்கள். குடும்பப் பெயரும் கூடவே வந்துவிடும். அந்தக் குடும்பப் பெயருக்கு அங்கே பெரிய வேலை இருக்கிறது. செனகலில் சில குடும்பப் பெயர்களுக்குள் காலங்காலமாகக் கேலி முறை உண்டு. டியொப் என்று உங்களுக்குப் பெயர் வைத்துவிட்டால், சந்தையில் முன்பின் தெரியாத ன்டியாய் குடும்பத்தவர் ஒருவர், "டியொப்களா, சோற்றுக்கு அலைகிறவர்கள்!" என்பார். நீங்கள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், விலையும் கொஞ்சம் இறங்கும். காலையில் வெறும் வெளிநாட்டுக்காரராக இருந்தவருக்கு மாலைக்குள் உறவுமுறை வந்துவிடுகிறது.

விடிந்ததும் வணக்கம் சொல்லும் படலம். எழுந்து குளிக்கப் போகிற வழியில் ஒவ்வொருவரிடமும் நின்று, நன்றாகத் தூங்கினீர்களா, வீட்டார் எப்படி, உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வோலோஃப் மொழியில் ஒரே பதில்: "ஜாம் ரெக்". அமைதிதான், வேறொன்றுமில்லை என்று பொருள். காய்ச்சலாக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், காய்ச்சல் அப்புறம். அவசரமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தால் கோபித்துக்கொண்டு போவதாக நினைப்பார்கள். அதேபோல, மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படித்தால், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று வீடே கவலைப்படும். தனியாக இருப்பதை ஓய்வு என்று நினைத்து வளர்ந்தவர்களுக்கு முதல் மாதத்தில் மிகவும் கடினமாக இருப்பது இதுதான். வாளித் தண்ணீர்க் குளியல், கொசுவலை, மலேரியா மாத்திரை எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மதியச் சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாயை விரித்து நடுவில் ஒரு பெரிய வட்டப் பாத்திரம் வைப்பார்கள். அதில் செபுஜென்: தக்காளியில் சிவந்த சோறு, மேலே மீன், முட்டைக்கோஸ், கேரட், மரவள்ளி, கத்தரிக்காய், ஓரத்தில் கொஞ்சம் புளி. 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த சமையல் இது. அந்தச் சோறு நொய்யரிசிச் சோறு. நாம் கஞ்சிக்கும் கோழிக்கும் ஒதுக்குகிற அதே நொய். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. நாக்கு அதற்கே பழகி, இன்று முழு அரிசியை விட நொய்யைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். நம் நாட்டிலிருந்தும் நிறையப் போகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது அது செனகல் அடுப்படி வரைக்கும் எட்டுகிற செய்தி.

பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தால் உங்களுக்கு நேர் முன்னால் இருக்கும் பகுதிதான் உங்களுடையது. வலது கையால் சாப்பிட வேண்டும். புதியவர் என்றால் கரண்டி தருவார்கள். நடுவில் இருக்கும் மீனுக்குக் கை நீட்டக் கூடாது. வீட்டம்மா மீனைப் பிட்டு, முள் பார்த்து, ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பார். விருந்தாளி பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். தன் பக்கம் வந்த துண்டை வீட்டம்மா ஓசையில்லாமல் பக்கத்துக் குழந்தையின் பக்கம் நகர்த்திவிடுவதையும் பார்க்கலாம். போதும் என்றால், "இன்னும் சாப்பிடு" என்பார்கள். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகுதான் விடுவார்கள். கடைசியில் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டிக் கொண்டுவந்து வைப்பார்கள்; அதற்குப் போட்டி உண்டு.

உதவ வந்தவர் இப்படி உட்கார்ந்து வாங்கிக்கொண்டே இருப்பது சங்கடம்தான். ஆனாலும் அந்த வேளையில் சரியான நடத்தை அதுதான் என்பேன். சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு தொகை வீட்டுக்குப் போகிறது, உண்மை. முள் எடுத்துத் தருவது அந்தக் கணக்கில் வராது. வெளியூர் போய்த் திரும்பும்போது சர்க்கரை, தேயிலை, பெரியவர்களுக்குக் கோலாக்கொட்டை வாங்கிவந்தால் போதும்.

சாப்பிட்டதும் அத்தாயா. கரியடுப்பில் சின்னக் கெட்டிலை வைத்துச் சீனப் பச்சைத் தேயிலையைக் கொதிக்கவிடுவார்கள். வீட்டு இளைஞன் ஒருவன் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றி நுரை கட்டுவான். மூன்று சுற்று வரும். முதல் சுற்று கசக்கும். அடுத்தடுத்த சுற்றில் சர்க்கரையும் புதினாவும் கூடும். எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்துப் பேருக்கு இரண்டு மூன்று கிளாஸ்தான். அதனால் கையில் வைத்துக்கொண்டு கதை பேசக் கூடாது, சர்ரென்று உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் யார் நிலம் எது, எந்தக் கிணறு எப்போது வற்றும், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் காதில் விழும். அங்கே போகிற விவசாயத் தன்னார்வலர்கள் முருங்கைப் பாத்தி போடச் சொல்லித் தருவதுண்டு. நம் இந்திய மண்ணிலிருந்து போன மரம்தான். அதன் கீரையைக் கம்புச் சோற்றுக்குக் குழம்பாக்கி அவர்கள் ஏற்கெனவே சாப்பிடுகிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே நெருக்கி நட்டு அடிக்கடி பறிப்பதுதான் புதிது. விதையும் அளவும் தன்னார்வலரிடம் இருக்கும். எங்கே நட்டால் ஆடு மேயாது என்பது வீட்டம்மாவுக்குத்தான் தெரியும். இத்தனை நாள் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், அதை அவரே வந்து சொல்வார்.